ஆடியில் ஃபீஸ் கட்டுவது எப்படி?

வேலை பார்த்துக்கொண்டே கல்லூரியில் படிக்க நினைப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், சரியான தாத்தாவைத் தேர்ந்தெடுப்பது. அவர் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அம்மா வழித் தாத்தாவும் வாங்கியிருக்கக் கூடாது. இரண்டு பாட்டிகள், அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று வீட்டில் ஒருவர்கூடப் பட்டதாரி இல்லை என்றால்தான் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்கும். 2010இல் வந்த திட்டம் இது. கவுன்சலிங் வழியாகத் தொழிற்கல்விப் படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. தனியார் பொறியியல் கல்லூரி என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். உங்கள் தாத்தா அந்தக் காலத்தில் ஆசைப்பட்டு பி.ஏ. வரலாறு படித்து, பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு எண்ணெய்க் கடையில் கணக்கு எழுதியிருந்தால், அந்த ஆசைக்கு நான்கு வருடத்தில் ஒரு லட்சம் ரூபாய் நீங்கள் கட்டுகிறீர்கள்.

அண்ணன் இருந்தால் அவனையும் விசாரியுங்கள். சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அவன் ஏற்கெனவே அதை வாங்கிச் சேர்ந்து, பதினோரு அரியரோடு வெளியே வந்து கார் ஷோரூமில் நிற்கிறான் என்றால், அவன் இன்னும் பட்டதாரி ஆகவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அவன்தான்.

அடுத்தது பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, பொறியியல் போன்ற படிப்புகளுக்கு 2021இல். இதில் இடம் கிடைத்துவிட்டால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது. அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்கில்தான் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) நடக்கின்றன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது உங்கள் அம்மாவை. மகளிர் குழுவில் கடன் வாங்கி, ஷூவும் டையும் வாங்கி, உங்களை ஆறாம் வகுப்பில் மெட்ரிக்குலேஷன் பள்ளியில் சேர்த்து, அடுத்த வருடமே கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு மாற்றியவராக அவர் இருக்கலாம். அந்த ஒரு வருடம் போதும். ஒதுக்கீடு போயிற்று, மாதம் 1,000 ரூபாயும் போயிற்று. என் படிப்புக்காகச் சிரமப்படாதே என்று அப்போதே அவரைத் தடுத்திருக்க வேண்டும். அன்று உங்களுக்குப் பதினொரு வயது என்பதையெல்லாம் காரணமாக ஏற்க முடியாது.

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் வீடு தேடி ஒருவர் வருவார். கையில் வழவழப்பான புத்தகம், சட்டைப் பையில் இரண்டு பேனா. "ஃபுல் ஸ்காலர்ஷிப்பும்மா, பையன் வந்து உக்காந்தா போதும்" என்பார். அவர் சொல்வது நிர்வாக ஒதுக்கீட்டு இடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. அவருக்குக் கல்லூரி தரும் கமிஷன் உண்டு. அவருக்கு மோர் கொடுத்து அனுப்புங்கள், சான்றிதழைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

ஏழ்மைக்கு ஆண்டுச் சந்தா

சாதிச் சான்றிதழை ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். வருமானச் சான்றிதழுக்கு ஆயுள் ஒரு வருடம்தான். நாம் எந்தச் சாதி என்பதில் அரசுக்கு ஐயமே வராது. போன வருடத்து ஏழை இந்த வருடமும் ஏழைதானா என்பதில் மட்டும் வரும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் அந்த ஐயத்தைத் தீர்க்கும் வேலை தொடங்குகிறது. மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், வட்டாட்சியர் அலுவலகம் போய்த் திரும்பும். முதல் கட்டத்திலேயே உங்களை விசாரிப்பார்கள்.

"அப்பா என்ன பண்றாரு?"

"பெயின்டிங் வேலைக்குப் போறாரு சார்."

"ஒரு நாள் கூலி?"

"தொள்ளாயிரம்."

"அப்ப மாசம் இருபத்தேழாயிரம். வருஷத்துக்கு மூணே கால் லட்சம் வருதே தம்பி!"

உதவித்தொகைகளுக்கு வருமான வரம்பு பெரும்பாலும் இரண்டரை லட்சம். ஒரே பெருக்கலில் உங்கள் குடும்பம் வசதியான குடும்பம் ஆகிவிட்டது. இந்த இடத்தில் ஐப்பசி மழையில் யாரும் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதில்லை, மேஸ்திரி சனிக்கிழமை கணக்கை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளுவார், அப்பாவுக்கு முட்டிவலி என்றெல்லாம் விளக்காதீர்கள். படிவத்தில் மழைக்குக் கட்டம் இல்லை. அப்பாவையே அழைத்துப்போய் நிறுத்துங்கள், வேலைக்குப் போகும் சட்டையோடு. பெயின்ட் திட்டுகள் பேசும்.

முன்பெல்லாம் இந்தச் சிக்கல் இல்லை. திருமண உதவியிலிருந்து மருத்துவக் காப்பீடுவரை பல திட்டங்களுக்கு 72,000 ரூபாய்தான் வருமான வரம்பாக இருந்தது. அதனால் ஒரு தெருவில் உள்ள அத்தனை வீட்டுக்கும் ஆண்டு வருமானம் 72,000 என்று சான்றிதழ் இருக்கும். சோஷலிசம் அந்த அளவுக்கு வேறெங்கும் வெற்றி பெற்றதாகத் தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடுவதில்லை. நான் பார்த்த உதவித்தொகைப் படிவங்களில் அப்பாவின் வருமானத்துக்கு இடம் உண்டு, அம்மாவுக்கு உண்டு, அவர்கள் இல்லாவிட்டால் காப்பாளருக்கும் உண்டு. மாணவர் சம்பாதிப்பதை எழுத இடம் இல்லை. படிக்கிறவர் படிப்பார், சம்பாதிக்கிறவர் சம்பாதிப்பார் என்று யாரோ ஒரு நல்ல குடும்பத்துப் பிள்ளை வடிவமைத்த படிவம். பள்ளியில் படிக்கும்போதே சனி, ஞாயிறு பெட்ரோல் பங்க்கில் நின்ற பிள்ளைக்கு அதில் பெயர் இல்லை. கேட்காததை நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

பணம் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு வரும். எந்தக் கணக்கில் கடைசியாக ஆதாரை இணைத்தீர்களோ அதில் போய் விழும். கல்லூரியில் கொடுத்த கணக்கு எண் ஒன்று, பணம் போன கணக்கு எட்டாம் வகுப்பில் பள்ளியிலேயே தொடங்கிக் கொடுத்தது, அந்தப் பாஸ்புத்தகம் பரண்மேல் எங்கோ என்பதுதான் வழக்கமான கதை. இரண்டு வருடம் தொடாத கணக்கு செயல்படாத கணக்காகிவிடக்கூடும். அதை எழுப்ப கேஒய்சி தாள்களோடு அந்த வங்கிக்குப் போக வேண்டும். "எல்லாருக்கும் வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரல" என்று கல்லூரி அலுவலகத்தில் அழுவதற்குமுன் ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். ஆதார் இணையதளத்திலேயே தெரியும். கிண்டல் இல்லாமல் சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் உடனே பலன் தரக்கூடிய ஒரே பத்தி இதுதான்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 2012இல் வந்த அரசாணை எண் 92 உண்டு. தகுதியுள்ளவர்களின் கட்டணத்தை, சுயநிதிக் கல்லூரியானாலும், அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். அதைக் காட்டினால் சில கல்லூரி அலுவலகங்களில் இப்படிப் பதில் வரும்: "நாங்க இல்லைன்னு சொல்லலையேப்பா. இப்ப நீ கட்டிடு, கவர்மென்ட் குடுத்ததும் திருப்பித் தர்றோம்." கட்டப் பணம் இருந்தால் அரசாணை எதற்கு என்று திருப்பிக் கேட்காதீர்கள். இன்டர்னல் மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

பஞ்சாங்கம் பார்த்து பட்ஜெட் போடுதல்

வருமானத்தில் பாதி தேவைக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கு என்று பண நிர்வாக நூல்களில் ஒரு விதி உண்டு. ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது. உங்களுக்கு வேண்டியது முகூர்த்த நாள் போட்ட தினசரிக் காலண்டர்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்காமல் கிடைக்கும் வேலை கேட்டரிங். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, ஷூ, இதுதான் தகுதி. காலையில் வாட்ஸப் குழுவில் செய்தி வரும்: "ஈவினிங் 25 பசங்க வேணும், ஷார்ப் அஞ்சு மணி." முதலில் பதில் போட்டவனுக்கு வேலை. வகுப்பில் மேக்ரோ எகனாமிக்ஸ் நடக்கும்போது மேஜைக்கு அடியில் விரல் வேகமாக ஓட வேண்டும். ரிசப்ஷனில் கடைசிப் பந்தி எழுந்து, மேஜை துடைத்து, நீங்கள் சாப்பிட்டு முடிக்கப் பதினொன்றரை ஆகும். கடைசி பஸ் போயிருக்கும். கூலி 600 என்று வைத்துக்கொள்வோம். "அடுத்த ஆர்டர்ல சேத்து வாங்கிக்கோ" என்று சூப்பர்வைசர் சொன்னால், அடுத்த ஆர்டருக்கு நீங்கள் வந்தே தீர வேண்டும் என்று பொருள்.

வைகாசியில் இப்படிப் பத்து வேலை கிடைக்கும். ஆவணியிலும் தையிலும் அப்படியே. ஆடியில் கல்யாணமே இல்லை. புரட்டாசியில் அநேகமாக இல்லை. மார்கழியில் இல்லை. இப்போது கல்லூரியின் காலண்டரைப் பக்கத்தில் வையுங்கள். ஆண்டுக் கட்டணமோ முதல் செமஸ்டர் கட்டணமோ பெரும்பாலும் ஜூலையில் கேட்பார்கள். அது ஆடி பிறக்கும் நேரம். நவம்பர் தேர்வுக்கான தேர்வுக் கட்டணம் செப்டம்பர், அக்டோபரில், புரட்டாசி. அடுத்த செமஸ்டர் டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரித் தொடக்கத்தில் திறக்கும், மார்கழி. கட்டணத் தேதிகளை முடிவுசெய்யும் குழுவில் ஒரு புரோகிதரும் இருப்பார் என்று நினைக்கிறேன். கல்யாணம் இல்லாத மாதங்களை இவ்வளவு துல்லியமாக வேறு யாரால் பொறுக்கியிருக்க முடியும்?

ஆகவே பட்ஜெட் என்பது, வைகாசியில் சம்பாதித்த 6,000 ரூபாயை ஆடிவரை உயிரோடு வைத்திருப்பது. நடுவில் ஆனி என்று ஒரு மாதம் இருக்கிறது. அதில் போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போகும். அக்கா வளைகாப்புக்கு வருவாள். அம்மா வருவார். "குழுவுக்குக் கட்டணும்டா, ரெண்டாயிரம் குடு, வெள்ளிக்கிழமை தந்துடறேன்." எந்த வெள்ளிக்கிழமை என்று அவர் சொல்வதில்லை. நீங்களும் கேட்கக் கூடாது. உங்கள் ஆறாம் வகுப்பு ஷூவுக்கே அவர் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆடியில் வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடைகளில் ஆள் எடுப்பார்கள். புடவையைப் பிரித்துப் போட்டு, அந்த அம்மாள் வேண்டாம் என்றதும் மடித்து வைக்கும் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். கடைத் தொழிலாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. இருக்கை இருக்கும். அதில் புடவைகள் உட்கார்ந்திருக்கும்.

சாப்பாடு டெலிவரி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தினம் 700 வருகிறது என்பவனிடம் பெட்ரோல் போகவா என்று கேளுங்கள். பிறகு பைக் யாருடையது, மாதத் தவணை எவ்வளவு என்று கேளுங்கள். அதற்குமேல் கேட்டால் நட்பு கெடும்.

பணத்தைவிடக் கவனமாகச் செலவழிக்க வேண்டியது வருகைப்பதிவு. 75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள் உங்கள் கையிருப்பு. அதைக் காய்ச்சலுக்கும் உறவினர் சாவுக்கும் வீணாக்காதீர்கள். முகூர்த்த நாள்களுக்காக வைத்திருங்கள். 75க்குக் கீழே கொஞ்சம் இறங்கினால் கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். அந்தக் கட்டணத்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு வேலைக்குப் போக வேண்டும், போனால் வருகைப்பதிவு இன்னும் இறங்கும். இந்த மாதிரி ஒரு சுழற்சியைப் பொருளாதாரப் பேராசிரியர் பாடமாக நடத்தும் அன்று நீங்கள் வகுப்பில் இருக்க மாட்டீர்கள்.

இதற்கெல்லாம் உண்மையான மருந்து அரசுக் கலைக் கல்லூரியின் ஷிஃப்ட். சில கல்லூரிகளில் காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று இரண்டு உண்டு. விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். படிப்புக் கட்டணமும் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வேலைநேரத்தைப் பார்த்து ஷிஃப்ட்டைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். ஷிஃப்ட்டைப் பார்த்து வேலைநேரம் தரும் முதலாளி கிடைத்தால் அவருக்குப் பொன்னாடை போர்த்துங்கள். பொருளாதாரம் படிக்கலாமா, தமிழ் படிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: இரண்டில் எது மதியம் முடிகிறதோ அது.

சாப்பாட்டுச் செலவுக்குச் சென்னையில் கணக்கு எளிது. அம்மா உணவகத்தில் காலை நான்கு இட்லி 4 ரூபாய், மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் 8 ரூபாய், இரவு இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். நாளுக்கு 15, மாதத்துக்கு 450. தமிழ்ப் புதல்வன் கொடுத்த 1,000 ரூபாயில் 550 மிச்சம். கணக்கில் பிழையே இல்லை. இட்லி இருக்கும் நேரத்தில் நீங்கள் பஸ்ஸிலும், சாதம் இருக்கும் நேரத்தில் வகுப்பிலும், சப்பாத்தி இருக்கும் நேரத்தில் வேறொருவர் கல்யாணத்தில் பன்னீர் பட்டர் மசாலாவைச் சுமந்துகொண்டும் இருப்பீர்கள் என்பதுதான் சிக்கல்.

நடுவில் ஒரு நாள், தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதியன்று, போனில் ஒரு விளம்பரம் வரும். ஐந்து நிமிடத்தில் 5,000 ரூபாய் கடன், ஆதார் மட்டும் போதும். அந்த ஆப் உங்கள் போனில் உள்ள எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கும். தவணை தவறினால் முதல் அழைப்பு உங்கள் துறைத்தலைவருக்குப் போகும். அதற்குப் பதில் துறைத்தலைவரிடமே போய்க் கேளுங்கள். திட்டுவார், பத்து நிமிடம் அறிவுரை சொல்வார். மாணவர்களுக்குத் தங்கள் கையிலிருந்து கட்டணம் கட்டிய பேராசிரியர்கள் எந்தக் கல்லூரியிலும் ஓரிருவர் உண்டு. அறிவுரைக்கு வட்டி இல்லை.

மேலாளரைச் சந்தித்தல்

கல்விக்கடன் விதிகள் தெளிவானவை. நான்கு லட்சம்வரை பிணை வேண்டாம், கைப்பணமும் போட வேண்டாம். பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால்தான் சொத்து. 2015 முதல் வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 2024இல் வந்த பிரதமரின் வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தரவரிசையில் முன்னணியில் இருக்கும் கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்குப் பிணையும் வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம். உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்காது. பார்த்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

இத்தனையும் தெரிந்துகொண்டு வங்கிக் கிளைக்குப் போனால், இணையதளத்தில் விண்ணப்பித்ததைப் பிரின்ட் எடுத்து வரச் சொல்வார்கள். எடுத்துப் போனால், "உங்க ஏரியா எங்க பிராஞ்ச்ல வராதேப்பா" என்பார்கள். வரும் கிளைக்குப் போனால் மேலாளர் மாறுதலாகிப் போயிருப்பார். புதிய மேலாளர் அப்பாவை மேலும் கீழும் பார்த்து, "வீட்டுப் பத்திரம் ஏதாவது இருக்கா?" என்று பேச்சுவாக்கில் கேட்பார். நான்கு லட்சத்துக்குப் பிணை கேட்கக் கூடாதே என்று விதியைச் சொல்லுங்கள், பணிவாக. மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்து என்றதும் எல்லா அலுவலகங்களிலும் குரல் கொஞ்சம் இறங்கும்.

மூன்று மாதம் நடந்தபின், அதே கிளையில், பக்கத்து மேஜையில், அம்மாவின் தோட்டையும் செயினையும் வைத்தால் அரை மணியில் நகைக்கடன் கிடைக்கும். பாதிப் பேருடைய கல்விக்கடன் அந்த மேஜையில்தான் முடிகிறது.

கிடைத்துவிட்டால் கணக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருடம், 10 சதவீத வட்டி. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். வட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது, அது முதல் நாளே படிக்கட்டில் ஏறிவிடும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. தனிவட்டியாகப் போட்டாலே, தவணை தொடங்கும் அன்று நீங்கள் வாங்கிய 4 லட்சம் 5,40,000 ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, தகுதியான படிப்பாகவும் இருந்தால் இந்த இடைக்கால வட்டியை ஏற்கும் மத்திய மானியத் திட்டம் 2009 முதல் உண்டு. வங்கி அதைத் தானாகச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். வருமானச் சான்றிதழோடு போய்க் கேளுங்கள். ஆம், அதே 60 ரூபாய்ச் சான்றிதழ்தான். படிக்கும்போதே மாதம் 300, 400 என்று வட்டியில் ஒரு பகுதியைக் கட்டிவர முடிந்தாலும் வித்தியாசம் தெரியும். ஆடி, புரட்டாசி, மார்கழி நீங்கலாக.

வெளியேறுதல்

படிப்பு முடிந்ததும் கல்லூரி உங்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கும். சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட் திரும்பக் கிடைக்கக்கூடியது. பலரும் கேட்பதில்லை, அலுவலகமும் நினைவூட்டுவதில்லை. கேட்டால் நோ டியூஸ் படிவம் தருவார்கள். நூலகம், ஆய்வகம், விடுதி, உடற்கல்வி என்று வரிசையாகக் கையெழுத்து வாங்க வேண்டும். கிரிக்கெட் மட்டையைத் தொட்டே இராத உங்களிடம் உடற்கல்வித் துறை ஒரு பந்தைக் கேட்கும். உதவித்தொகை வரவேண்டியது பாக்கி என்றால் அதை உங்கள் பாக்கியாக எழுதி, சான்றிதழைத் தர முடியாது என்பார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018இல் அறிவித்திருக்கிறது. அதன் நகலைப் பையில் வைத்திருங்கள், கடைசியாக எடுங்கள்.

எல்லாக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனபின், முதல் வருடம் டெபாசிட் கட்டிய அசல் ரசீதைக் கேட்பார்கள். அது மெல்லிய வழவழத் தாளில் அச்சான ரசீது. மூன்று வருடத்தில் எழுத்து மறைந்து வெள்ளையாகியிருக்கும். கட்டிய அன்றே அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை மட்டும் லேமினேட் செய்யுங்கள். அசலை லேமினேட் செய்துவிட்டால், லேமினேட் செய்த ரசீது செல்லாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள்.